பெட்டி மீனும் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியும்

கடல்வாழ் மீன்களுள் விந்தையான வடிவம் கொண்டவை பல உண்டு. அவற்றுள் பெட்டி மீன், ஒருமுறை கண்டவர் மறவாத தோற்றம் உடையது. பெரும்பாலான மீன்களின் உடல் ஓடம் போல் முன்னும் பின்னும் குறுகியிருக்க, இது மட்டும் நாற்கோணப் பேழை போல் அமைந்துள்ளது. அப்பேழையின் துளைகள் வழியே வாயும் கண்களும் துடுப்புகளும் வாலும் வெளிப்பட்டு நிற்கின்றன. தமிழகக் கடற்கரை மீனவர் இக்குடும்பத்து மீன்களைக் கடமாடு என வழங்குவர். இவற்றுள் ஓரினத்திற்குக் கண்களுக்கு மேலே மாட்டுக் கொம்புகள் போன்ற இரு முட்கள் உண்டு.

அலங்கார மீன் வணிகத்தில் பெரிதும் விரும்பப்படுவது மஞ்சள் பெட்டி மீனின் குஞ்சாகும். இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள அக்குஞ்சு, கரும்புள்ளிகள் இட்ட மஞ்சள் பகடைக்காய் நீரில் மிதப்பது போலக் காட்சி தரும். அதன் அழகில் மயங்கி வாங்கிச் செல்வோர் பலர். அதனை ஓராண்டு காலமேனும் உயிருடன் காத்தவர் அவர்களுள் குறைவு. இதற்குக் காரணம் அம்மீன் நோஞ்சான் என்பதன்று. கடலில் அதனைக் காக்கும் இரு சாதனங்களான கெட்டியான ஓடும் தோலில் ஊறும் நஞ்சும், நாற்புறமும் அடைபட்ட தொட்டியில் அதற்கே கேடாக மாறிவிடுகின்றன. இவ்வுண்மையை உணர்ந்தவரே இம்மீனை நல்ல முறையில் வளர்க்க இயலும்.

உடல் அமைப்பு

பெட்டி மீன்கள் பேத்தை மீன், முள்ளம்பன்றி மீன் முதலியவை அடங்கிய வரிசையைச் சேர்ந்தவை. இவற்றின் தோலுக்கு அடியில் அறுகோண வடிவான எலும்புத் தகடுகள் தேன்கூட்டின் அறைகளைப் போல் ஒன்றோடொன்று பொருந்தி, அசையாத ஓடாக அமைகின்றன. மஞ்சள் பெட்டி மீனுக்கு ஆஸ்ட்ராசியன் கியூபிகஸ் என்றும், நீண்ட கொம்புடைய இனத்திற்கு லாக்டோரியா கார்நூட்டா என்றும் விஞ்ஞானப் பெயர்கள் வழங்குகின்றன. இவ்விரண்டையும் 1758ஆம் ஆண்டில் முதன்முதல் வகைப்படுத்திப் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் ஆவார். இந்துமாக்கடலிலும் பசிபிக் மாக்கடலிலும் பவளப் பாறைகளை அடுத்த ஆழமற்ற நீரில் இவை வாழ்கின்றன.

உடல் வளைந்து கொடாததால், மற்ற மீன்களைப் போல் உடலை நெளித்து இவற்றால் நீந்த முடியாது. முதுகுத் துடுப்பும், மலவாய்க்குப் பின்னுள்ள துடுப்பும், செவுளை அடுத்த இரு துடுப்புகளும் ஓயாது விசிறியடித்தே உடலைச் செலுத்துகின்றன. வால், திசை திருப்பவும் அச்சத்தில் விரைந்து பாயவும் உதவும். இவ்வடிவம் நீரோட்டத்தில் உடலை நிலைநிறுத்த உதவுகிறது என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. 2005ஆம் ஆண்டில் ஒரு ஜெர்மானிய மோட்டார் நிறுவனம் இதனை முன்மாதிரியாகக் கொண்டு சோதனைக் கார் ஒன்றையும் வடிவமைத்தது. ஆனால் 2015ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி இதற்கு மாறான முடிவைத் தந்தது. ஓட்டின் வடிவம் உடலை நிலைநிறுத்துவதில்லை. மாறாக எளிதில் திரும்பும் தன்மையைத் தருகிறது. உடலை நேராக நிறுத்தும் வேலையைத் துடுப்புகளே செய்கின்றன என்பது அதனால் தெளிவாயிற்று. ஆகவே இம்மீன் நெருக்கமான பாறை இடுக்குகளில் திறமையாகத் திரும்பி உலவ வல்லது. வேகமாக நீந்தும் மீன்களோடு போட்டியிட வல்லதன்று.

தோலில் ஊறும் நஞ்சு

விரைந்து ஓடித் தப்ப இயலாத இம்மீனுக்கு ஓட்டுடன் மற்றொரு காப்பும் வாய்த்துள்ளது. அச்சமோ துன்பமோ நேர்ந்தால், தோலிலிருந்து நஞ்சு கலந்த வழவழப்பான திரவம் சுரக்கின்றது. ஹவாயித் தீவுகளைச் சேர்ந்த ஒரு பெட்டி மீனின் இச்சுரப்பைப் பற்றி 1964ஆம் ஆண்டில் தாம்சன் என்னும் விஞ்ஞானி விரிவாக எழுதினார். 1967ஆம் ஆண்டில் பாய்லன், ஷாயர் என்னும் இருவர் அந்நஞ்சின் இரசாயன அமைப்பைக் கண்டறிந்து, அத்தீவு மக்கள் அம்மீனுக்கு வழங்கும் பெயரை ஒட்டிப் பாஹுடாக்சின் எனப் பெயரிட்டனர். கொழுப்பு அமிலம் ஒன்றின் வழிப்பொருளும் கோலின் என்னும் பொருளும் சேர்ந்து உண்டான கூட்டுப்பொருள் அது.

அந்நஞ்சின் இயல்பு ஏறக்குறைய சோப்பின் இயல்பை ஒத்தது. சோப்பைப் போலவே அது நீரில் நுரை எழுப்பும். உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வுகளைச் சிதைக்கும். மீன்களின் செவுள்களைத் தாக்கி, இரத்தத்தின் சிவப்பணுக்களையும் உடைக்கும். பேத்தை மீனின் நஞ்சு அம்மீனை உண்பவரைத் தாக்குவது. பெட்டி மீனின் நஞ்சோ நீரில் கரைந்து, அருகிலுள்ள மீன்களையே தாக்குவது.

பரந்த கடலில் சுரக்கும் நஞ்சு நொடிப்பொழுதில் அலையோடு கலந்து நீர்த்துப் போகும். கவ்விய பெரிய மீன் வெறுத்து உமிழ்ந்துவிடும். பெட்டி மீனும் நீந்தி அகன்றுவிடும். சில நூறு லிட்டர் நீரே கொண்ட தொட்டியில் அந்நஞ்சுக்குப் போக்கிடம் இல்லை. சிறிது நேரத்தில் மற்ற மீன்கள் மூச்சுத் திணறி மடிகின்றன. நஞ்சைச் சுரந்த மீனும் அதற்குத் தப்புவதில்லை. நோயுற்று இறக்கும் பெட்டி மீனின் உடலிலிருந்தும் நஞ்சு நீரில் கலக்கக்கூடும். எனவே இம்மீனை வளர்க்கும் கலை, அதற்கு அச்சமும் துன்பமும் நேராமல் காக்கும் கலையே ஆகும். தொட்டி, உணவு, துணை மீன்கள், மருத்துவம் ஆகிய யாவற்றையும் இந்நோக்குடனேயே ஆராய்தல் வேண்டும்.

தொட்டியும் நீரும்

பகடைக்காய் அளவுள்ள குஞ்சு அந்த அளவிலேயே நின்றுவிடுவதில்லை. மஞ்சள் பெட்டி மீன் 45 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. நீண்ட கொம்புடைய இனமும் ஏறத்தாழ அந்த அளவை எட்டும். வளர வளர மஞ்சள் நிறம் மங்கி, நீலமும் பழுப்பும் கலந்த நிறம் தோன்றும். ஆகவே தொட்டியை வளர்ந்த மீனுக்கு ஏற்றவாறு திட்டமிட வேண்டும். 180 சென்டிமீட்டர் நீளமும், 60 சென்டிமீட்டர் அகலமும், 50 சென்டிமீட்டர் நீர் மட்டமும் உள்ள தொட்டி 540 லிட்டர் கொள்ளும். அந்நீர் மட்டுமே ஏறத்தாழ 550 கிலோகிராம் எடை இருக்கும். கண்ணாடி, மணல், பாறை ஆகியவற்றின் எடை வேறு. மாடி வீட்டில் வசிப்போர் தளத்தின் வலிமையை ஆராய்ந்த பின்னரே இத்தகைய தொட்டியை வைத்தல் வேண்டும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. சமையல் உப்பு இதற்கு ஈடாகாது. அது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. கடல்நீரில் உள்ள மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலிய உப்புகளையும் உரிய அளவில் சேர்த்து, மீன் தொட்டிக்கென்றே தயாரித்த உப்புக் கலவையைப் பயன்படுத்துதல் வேண்டும். மேற்கூறிய தொட்டிக்கு அக்கலவை ஏறக்குறைய 19 கிலோகிராம் தேவைப்படும். குழாய் நீரில் கரைப்பதாயின் அதிலுள்ள குளோரினை முதலில் நீக்க வேண்டும். கடற்கரையை அடுத்து வாழ்வோர் கடல்நீரையே கொணரலாம். ஆனால் ஆற்று முகத்துவாரம், துறைமுகம், கழிவுநீர் கலக்கும் இடம் ஆகியவற்றினின்று தொலைவில் எடுத்து, இருளில் சில நாட்கள் தெளியவிட்டு வடிகட்டுதல் அவசியம். தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. எனவே அன்றாடம் குறையும் நீரை நன்னீர் கொண்டே நிரப்புதல் வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் உப்பின் செறிவு நாளுக்கு நாள் ஏறிவிடும்.

மீன்கள் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. அது மிகச் சிறிய அளவிலும் நச்சுத்தன்மை உடையது. காரத்தன்மை மிகுந்த கடல்நீரில் அதன் கொடுமை இன்னும் அதிகம். மணலிலும் பாறையிலும் படியும் ஒருவகை பாக்டீரியா அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவில் பெருகுவதற்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குமுன் தொட்டியில் பெட்டி மீனை விடலாகாது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லை என்று சோதனையில் தெரிந்த பின்னரே விடுதல் வேண்டும். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை 80 லிட்டர் அளவு நீரை மாற்றினால் நைட்ரேட் மிகாது. நுரையின் மூலம் கழிவுகளைப் பிரித்தெடுக்கும் கருவியும், கிளர்வூட்டிய கரியும் இம்மீன் வாழும் தொட்டிக்கு இன்றியமையாதவை.

உஷ்ணநிலை 24 முதல் 27 டிகிரி சென்டிகிரேடுக்குள் இருப்பது நலம். நம் நாட்டின் சமவெளிகளில் கோடைக்காலத்து அறை வெப்பம் இதனினும் பல டிகிரி கூடுதலாக இருக்கும். நீர் சூடேறுந்தோறும் அதில் கரைந்துள்ள பிராணவாயு குறையும்; மீனுக்கு வேண்டிய பிராணவாயுவோ கூடும். ஆதலால் நீரைக் குளிர்விக்கும் சாதனத்திற்கான செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்தல் வேண்டும். மின்சாரம் தடைப்படும் வேளைகளில் காற்றூட்டுவதற்கு மின்கலத்தால் இயங்கும் சிறு பம்பு ஒன்றும் எப்பொழுதும் ஆயத்தமாக இருக்க வேண்டும். நீரோட்டம் மிதமாக இருத்தல் வேண்டும். பம்புகளின் உறிஞ்சும் வாய்களைக் கடற்பஞ்சால் மூடி வைத்தால், மெதுவாக நீந்தும் குஞ்சு அதில் ஒட்டிக்கொண்டு துன்புறாது.

உணவு

தொட்டியில் வைக்கப்பெற்ற பெட்டி மீன்கள் இறப்பதற்கு நஞ்சைக் காட்டிலும் பட்டினியே பெருங்காரணம் எனலாம். கடலில் இவை பாசிகள், கடற்பஞ்சுகள், புழுக்கள், சிறு சிப்பிகள், இறால் இனத்துச் சிற்றுயிர்கள் ஆகியவற்றை நாள் முழுதும் சிறிது சிறிதாகக் கொறித்து உண்கின்றன. கொம்புடைய இனம் வாயினால் நீரைப் பீச்சி மணலைக் கலைத்து, அடியில் மறைந்துள்ள இரையை வெளிப்படுத்தி உண்ணும். வாய் மிகச் சிறிது. உண்ணும் வேகமும் குறைவு. நாளுக்கு ஒருமுறை ஒரு பிடி உணவை நீர்ப்பரப்பில் தூவும் வழக்கம் இம்மீனுக்குச் சிறிதும் பொருந்தாது.

புதிதாகக் கொணர்ந்த குஞ்சு அசையாத உணவைப் பெரும்பாலும் தொடுவதில்லை. எனவே முதலில் உயிருள்ள ஆர்ட்டீமியாவை அளித்தல் வேண்டும். உப்பளங்களில் வாழும் இச்சிறு இறாலினம் தூத்துக்குடி உப்பளங்களிலும் காணப்படுகிறது. இதன் உலர்ந்த முட்டைகள் கடைகளில் விற்கப்படுகின்றன. உப்பு நீரில் இட்டுக் காற்றூட்டினால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்துவிடும். எனினும் நீண்ட நாட்களுக்கு இது ஒன்றே போதிய சத்துணவு ஆகாது. மீன் ஊக்கமாக உண்ணத் தொடங்கியதும், இறால், கணவாய், மட்டி ஆகியவற்றின் சதையை உப்பிடாமல் கழுவி, அரிசி நொய் அளவாக நறுக்கி, ஆர்ட்டீமியாவுடன் கலந்து பழக்குதல் வேண்டும். பாசி உணவும் தேவை. உலர்ந்த கடற்பாசித் தாளைப் பாறையில் கட்டி வைத்தால் வேண்டியபோது கொறித்துக்கொள்ளும். ஒரே பொருளை நாள்தோறும் அளிப்பதைவிட, முறை மாற்றி அளிப்பதே உடலுக்கு நன்மை தரும்.

குஞ்சுகளுக்கு நாளுக்கு மூன்று அல்லது நான்கு முறையும், வளர்ந்தவற்றிற்கு இரண்டு அல்லது மூன்று முறையும் உணவளிக்கலாம். தொட்டியில் வேறு மீன்கள் இருப்பின், அவற்றிற்கு ஒரு மூலையில் முதலில் உணவிட்டு, அவை அதில் ஈடுபட்டிருக்கும்போது நீண்ட கண்ணாடிக் குழாயின் வழியே பெட்டி மீனின் முன் உணவை இறக்குவது நல்ல உபாயம். பதினைந்து நிமிடங்களுக்குப் பின் எஞ்சியதை அகற்றிவிட வேண்டும்.

மற்ற மீன்கள் மெலிந்தால் வயிறு ஒட்டியிருப்பது எளிதில் தெரியும். பெட்டி மீனின் ஓடு அம்மெலிவை ஓரளவு மறைத்துவிடும். எனவே ஓட்டிற்கு வெளியேயுள்ள வால் அடியின் சதையையும், ஓட்டின் பக்கங்களையும் அடிப்புறத்தையும் கவனித்தல் வேண்டும். வால் அடி சுருங்கிப் பக்கங்கள் உட்குழிந்து காணப்பட்டால், மீன் பல நாட்களாகப் போதிய உணவின்றி உள்ளது என அறியலாம்.

உடன் வாழத் தக்கவை

முட்டி மோதும் மீன்களும், துடுப்பைக் கடிக்கும் மீன்களும், உணவை முந்திக் கவரும் மீன்களும் பெட்டி மீனுடன் இருக்கலாகாது. மற்ற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தி உண்ணும் துப்புரவு மீனும் இதற்கு நல்ல துணையன்று; இடைவிடாது கொத்தி இதனை அச்சுறுத்தும். கொட்டும் உறுப்புகளை உடைய கடல் சாமந்திகளையும் விலக்க வேண்டும். சாந்தமான சிறு மீன்கள் சிலவே ஏற்றவை. விபத்து நேரின் அவையும் மடியக்கூடும் ஆதலின், பெட்டி மீனைத் தனியே வளர்ப்பதே எல்லாவற்றினும் சிறந்த ஏற்பாடு.

தொட்டியை அழகுபடுத்தும் முறையில் சட்டத்தையும் நினைவிற் கொள்ள வேண்டும். பாறைகளை உண்டாக்கும் பவளங்களும், கடல் விசிறிகளும், கடல் குதிரைகளும் 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இவற்றைக் கடலினின்று எடுத்துத் தொட்டியில் வைப்பது குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986ஆம் ஆண்டு முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக உள்ளது. அங்கு உயிரினங்களைப் பிடித்தலும் தடை செய்யப்பட்டுள்ளது. சுடுமண்ணாலும் சிமெண்டாலும் அமைத்த செயற்கைப் பாறைகள், உப்பு நீரில் நன்கு ஊறவைத்த பின், இம்மீனுக்குப் போதுமான மறைவிடமாகும்.

நோயும் விபத்தும்

பெட்டி மீனின் உடலில் சாதாரணச் செதில்கள் இல்லை; ஓட்டின்மேல் மெல்லிய தோலே உள்ளது. இதனால் வெண்புள்ளி நோய் இதனை எளிதில் பற்றுகிறது. அந்நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி சில நாட்கள் மீனின் உடலில் தங்கி, பின் உதிர்ந்து அடிமணலில் கூடு கட்டி, அங்குப் பெருகி மீண்டும் மீனைத் தேடி வரும். வழக்கமாகப் பயன்படும் தாமிர மருந்தை இம்மீன் நன்கு தாங்குவதில்லை. மருந்தின்றிக் குணப்படுத்தும் முறை ஒன்றுண்டு. மூன்று நாட்களுக்கு ஒருமுறை வீதம் நான்கு முறை, மீனைத் தூய நீருள்ள வேறு தொட்டிக்கு மாற்றினால், உதிர்ந்த ஒட்டுண்ணிகள் பழைய தொட்டிகளிலேயே தங்கிவிடும். அத்தொட்டிகளைக் கழுவி உலர்த்தினால் அவை அழியும். புதிய மீன் எதுவாயினும் நான்கு வாரங்கள் தனித் தொட்டியில் வைத்து ஆராய்ந்த பின்னரே மற்றவற்றோடு சேர்ப்பது தொல்லையைத் தவிர்க்கும்.

மீனை இடம் மாற்றும்போது வலையைப் பயன்படுத்தலாகாது. நீரை விட்டு வெளியே தூக்குதலும் ஆகாது. வெளிக்காற்றை விழுங்கிவிட்டால் அதனை வெளியேற்ற இயலாமல் மீன் மிதந்து தவிக்கக்கூடும். அகன்ற பாத்திரத்தை நீருக்குள் அமிழ்த்தி, மீனை மெல்ல அதனுள் செலுத்தி, நீருடனேயே எடுத்தல் வேண்டும். கண்ணாடியைத் தட்டுதல், விளக்கைத் திடீரென ஏற்றுதல், சிறுவர் கையை நீரில் விடுதல் ஆகியவையும் தவிர்க்கத்தக்கவை.

இவ்வளவு காத்தும் விபத்து நேரலாம். நீர்ப்பரப்பில் திடீரென நுரை திரண்டு, மீன்கள் மேலெழுந்து வாய் பிளந்து திணறுமாயின், நஞ்சு கலந்திருக்கலாம் என ஐயுற்று உடனே செயற்பட வேண்டும். முன்னரே தயாரித்து வைத்த கடல்நீருள்ள வேறு தொட்டிக்கு மற்ற மீன்களை மாற்றி, பெட்டி மீனைத் தனிப் பாத்திரத்தில் விட வேண்டும். பின் தொட்டியின் நீரில் பெரும்பகுதியை மாற்றி, புதிய கரியை இட்டு, பலமாகக் காற்றூட்ட வேண்டும். எந்நேரமும் போதிய அளவு கடல்நீரைத் தயாராகச் சேமித்து வைத்திருப்போர்க்கே இவை இயலும். நீர் தயாரித்துக்கொண்டிருக்கும் நேரத்திற்குள் மீன்கள் மடிந்துவிடும்.

வாங்குமுன்

பெட்டி மீன்கள் பண்ணைகளில் பெருமளவில் உற்பத்தி செய்யப்படுவதில்லை. கடைகளில் காண்பவை அனேகமாகக் கடலில் பிடிக்கப்பட்டவையே. தொட்டியில் மடியும் ஒவ்வொன்றுக்கும் ஈடாக மற்றொன்று பவளப் பாறையினின்று பிடிக்கப்படுகிறது. ஆகையால் வாங்க விரும்புவோர் நாணயத்தளவுள்ள குஞ்சைத் தவிர்த்து, ஐந்து அல்லது ஆறு சென்டிமீட்டர் வளர்ந்த மீனையே தேடுதல் நலம். தம் கண்ணெதிரே அது உணவு உண்பதைக் காட்டும்படி வணிகரைக் கேட்க வேண்டும். கண்கள் தெளிந்தும், துடுப்புகள் முழுமையாகவும், தோல் வெண்புள்ளியின்றியும், ஓட்டின் பக்கங்கள் குழியாமலும் இருத்தல் வேண்டும். பின்னர் வளர்க்க இயலாத நிலை நேரின், நோய் பரவும் அபாயம் உள்ளமையால் அதனைக் கடலில் விடலாகாது. பெரிய தொட்டி உடையவரிடம் ஒப்படைப்பதே முறை.

பெரிய தொட்டிக்கு இடமோ, நாளுக்கு மூன்று முறை உணவூட்ட நேரமோ இல்லாதவர்க்கு வேறு வழி இல்லாமல் இல்லை. 1947ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, இப்பொழுது கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கோமாளி மீன் முதலிய அலங்கார மீன்களைக் குஞ்சு பொரிப்பகங்களிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறைகளை வகுத்துள்ளது. அவ்வாறு பிறந்த மீன்கள் தொட்டி வாழ்வுக்குப் பழகியவை. சிறிய இடத்திலும் செழிப்பவை. கடல்நீர் மீன் வளர்ப்பில் புகுவோர் அவற்றைக் கொண்டு இரண்டோர் ஆண்டுகள் பயின்று, நீரின் குணத்தையும் மீனின் குறிப்பையும் அறியும் திறன் வந்தபின் பெட்டி மீனை நாடுதல் தக்கது. அப்பயிற்சியும் இடவசதியும் உடையவரின் தொட்டியில் இம்மீன் பல ஆண்டுகள் வாழும்; உணவூட்டுபவரை இனங்கண்டு கண்ணாடியருகே வந்து காத்து நிற்கவும் பழகும்.